வெற்றிலையால் அளந்த தீப்புண்

முன்னொரு காலத்திலே, மருதங்காட்டுச் சீமையை வீரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நாக்குக்கு அடிமை. பாயசம் கொதிக்கக் கொதிக்க வரவேண்டும். கொஞ்சம் ஆறினாலும் முகத்தைச் சுளிப்பான். அதனால் மடப்பள்ளிப் பெண்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவார்கள். அப்படி ஓடிவந்த காத்தாயி ஒருநாள் வாசற்படியில் இடறினாள். பாயசம் முழுக்க அவள் வலது கையில் கொட்டிவிட்டது.

ராஜா பதறிப்போய், "உடனே நஷ்டஈடு கொடுங்கள்" என்றான்.

அந்தச் சீமையில் தீப்புண்ணை வெற்றிலையால் மூடி அளப்பார்கள்; ஒரு வெற்றிலைக்கு ஒரு மா நிலம். அன்றைக்கே அளந்திருந்தால் பத்து வெற்றிலை பிடித்திருக்கும். பொக்கிஷதார் ஆதிமூலம் விட்டாரா? ராஜா எதற்கெடுத்தாலும் அமைச்சர் சேந்தனாரையே மெச்சுவதில் அவருக்கு வயிற்றெரிச்சல். தானும் நல்ல பேர் வாங்க வேண்டுமே.

"புண் ஆறட்டும் அரசே, அப்புறம் அளக்கலாம்" என்றார். ராஜாவும் தலையாட்டி வைத்தான்.

புண் ஆறியது. தோல் சுருங்கி இழுத்து, விரல்கள் உள்ளங்கையோடு மடங்கிப்போயின. சபையில் வைத்து அளந்தால் இரண்டே வெற்றிலை.

"எட்டு மா மிச்சம் அரசே" என்று பூரித்தார் பொக்கிஷதார். "இத்தனூண்டு புண்ணுக்கு இதுவே அதிகம். நானாக இருந்தால் ஒரு வேலையும் நின்றிருக்காது."

சேந்தனார் எழுந்தார். "அப்படியானால் உங்கள் விரல்களையும் அதேபோல மடக்கிக் கட்டட்டுமா? துணி இரண்டு வெற்றிலை அகலந்தான்."

பேசிய வாயால் எப்படி மறுப்பது? பொக்கிஷதார் வலது கையை நீட்டினார். கட்டி முடித்ததும் சேந்தனார், "அரசே, எட்டு மா மிச்சம் பிடித்தவருக்கு உங்கள் கையால் தாம்பூலம் கொடுங்கள்" என்றார்.

ராஜா கையால் தாம்பூலம்! பொக்கிஷதார் எத்தனையோ வருஷமாக ஏங்கிய மரியாதை. அதை வலது கையால்தான் வாங்க வேண்டும். இடது கை நீண்டால் சிம்மாசனத்துக்கே அவமானம். மடங்கிய கையை நீட்டினார். வெற்றிலை சரிந்தது, பாக்கு உருண்டது. பதற்றத்தில் இடது கை முன்னே வர, சபை முணுமுணுத்தது. சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒரு வெற்றிலையைக்கூட வாங்க முடியவில்லையே" என்றார் சேந்தனார். காத்தாயி அங்கேயே நின்றதால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. தலையாட்டியது தான்தானே. "இனிமேல் புண்ணை அளக்காதீர்கள், அந்தக் கையால் என்னென்ன முடியாமல் போனது என்று கேளுங்கள். இவளுக்கு இருபது மா. அதில் பாதி பொக்கிஷதார் நிலத்திலிருந்து போகட்டும்" என்றான். சேந்தனாருக்குத் தன் சால்வையைப் போர்த்திவிட்டு அவளிடம் திரும்பினான். "வேறென்ன வேண்டும், கேளம்மா."

"போன கை திரும்பாதுன்னு தெரியும் சாமி. பாயசத்தை மட்டும் கொஞ்சம் ஆறவெச்சுக் குடிங்க. என் இடத்துல இப்ப என் தங்கச்சி ஓடுறா."

அன்று காலையிலும் பாயசம் கொதிக்கக் கொதிக்கத்தான் வந்திருந்தது. கொண்டுவந்தவள் யாரென்று ராஜா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அவன் இருந்தவரைக்கும் பாயசம் ஆறித்தான் வந்ததாம். கொண்டுவந்தவளின் கையைப் பார்த்த பிறகுதான் கிண்ணத்தைத் தொடுவானாம்.