ஆணி கிழித்த பட்டு

முன்னொரு காலத்தில் என்று தொடங்கினால், இன்றைக்கு நடப்பதைச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் வம்பு வேண்டாம். முன்னொரு காலத்தில், நெசவுக்குப் பேர்போன ஒரு நாட்டைக் கனகவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் புதிது என்று யாராவது எதையாவது காட்டிவிட்டால் போதும், பழையதெல்லாம் அவனுக்குப் பாகற்காயாகக் கசக்கும்.

அவன் சபையில் சிங்காரநாதர் என்று ஓர் அலங்கார அதிகாரி இருந்தார். அரசன் எதை உடுத்த வேண்டும், சபையோர் எதை உடுத்த வேண்டும் என்று தீர்மானிப்பது அவர் உத்தியோகம். கடல் கடந்து வேறொரு நாட்டுக்குப் போய்த் திரும்பியவர், அந்த நாட்டுப் பாணியில் சரிகை போட்ட பட்டுச் சராய் ஒன்றை மாட்டிக்கொண்டு கப்பலை விட்டு இறங்கினார். ஏணியில் துருத்திக்கொண்டிருந்த ஓர் ஆணி சராயைப் பற்றி இழுத்து, முழங்காலில் ஒரு சாண் கிழித்துவிட்டது. கீழே துறைமுகத்தில் அரசனே வரவேற்க நிற்கிறான். மானம் கப்பலேறப் போகிறதே என்று பதறிய சிங்காரநாதர், சட்டென்று கிழிந்த காலையே முன்னால் நீட்டி, "அரசே, அங்கே பெரிய மனிதர்கள் இப்படித்தான் உடுத்துகிறார்கள்" என்று ஒரே போடாகப் போட்டார்.

அரசன் வாயைப் பிளந்து பார்த்தான். அவ்வளவுதான், நாட்டைச் சனி பிடித்தது.

மாதக்கணக்கில் கண்விழித்து நெய்த பட்டை வாங்குவார்கள். வாங்கிய கையோடு கத்தியை வைத்துக் கிழிப்பார்கள். கிழிப்பதற்கென்று ஒரு தையற்காரன், நூல் பிரித்துத் தொங்கவிட இன்னொருவன். தைப்பதற்குக் கொடுப்பதைவிடக் கிழிப்பதற்குக் கூலி அதிகம்! இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது? அரசனைப் பார்த்து அமைச்சர், அமைச்சரைப் பார்த்துத் தளபதி, தளபதியைப் பார்த்துக் கணக்கர் என்று சபை முழுவதும் எலி கடித்த மூட்டை போல ஆகிவிட்டது. ஒருவர் சட்டையில் தோள் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. ஒருவர் சராய் இடுப்பில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்ததால், அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் அரசனைக் கும்பிட்டார். முதியவர் ஒருவர் உட்கார்ந்தபோது இருந்த கிழிசல், எழுந்தபோது இரண்டு மடங்காகியிருந்தது. சபையே எழுந்து நின்று அவரைப் பாராட்டியது.

இத்தனைக்கும் நடுவில் முழு வேட்டியும் முழு மேல்துண்டுமாக நின்றவன் ஒருவனே. அவன்தான் அரசவை விகடன் சாத்தன். அவனைப் பார்த்துச் சபையோர் சிரித்தார்கள். பத்துப் பேர் கோவணம் கட்டிய ஊரில் வேட்டி கட்டியவன் பைத்தியக்காரன் என்பது தெரிந்த சங்கதிதான். சாத்தன் முதலில் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். சடையனை இழுத்துவந்த அன்றைக்குத்தான் அவனுக்குச் சிரிப்பு நின்றது.

சடையன் கடைத்தெருவில் உப்பு மூட்டை சுமப்பவன். அவனைக் காவலர்கள் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். என்ன குற்றம் என்றால், அவன் மேல்சட்டை தோளில் கிழிந்திருக்கிறது. கண்டவனெல்லாம் கிழிசல் உடுத்தினால் சபைக்கு என்ன மதிப்பு என்று சிங்காரநாதர் ஒரு சட்டம் போட்டிருந்தார். முழங்காலில் கிழிசல் தளபதிக்கு, தோளில் கிழிசல் அமைச்சருக்கு, இரண்டிலும் கிழிசல் அரசனுக்கு. மற்றவர் உடுத்தினால் சவுக்கடி.

"சாமி, நானாக் கிழிக்கல. மூட்டை உரசி உரசிக் கிழிஞ்சுபோச்சு. மாத்திக்க வேற இல்ல" என்றான் சடையன்.

"எப்படிக் கிழிந்தது என்று சட்டம் கேட்கவில்லை" என்றார் சிங்காரநாதர். "அமைச்சர்பெருமானின் தோள் கிழிசலை விட இவனுடையது இரண்டு விரற்கடை நீளம். எவ்வளவு திமிர் இருக்க வேண்டும்!"

சாத்தனுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. விகடன் கோபப்படக் கூடாது, கோபத்தைச் சிரிப்பாக்கித்தான் பரிமாற வேண்டும் என்பது அவன் தொழில் தர்மம். அன்றைக்கு அந்தத் தர்மத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அரசே, ஒருவன் வழியில்லாமல் உடுத்துவதை இன்னொருவன் பொழுதுபோகாமல் உடுத்துகிறான். இதில் சவுக்கடி வழியில்லாதவனுக்கா?"

அரசன் தன் முழங்காலை ஒரு கையால் மறைத்துக்கொண்டான். உள்ளுக்குள் எங்கேயோ குத்தியிருக்கிறது. குத்துப்பட்டவனுக்கு முதலில் வருவது புத்தி அல்ல, கோபம்தான். முகம் கடுகடுத்தது.

இதற்காகவே காத்திருந்தது போலச் சிங்காரநாதர் குனிந்தார். சாத்தனாருக்கு ஏழைகள் மேல் இவ்வளவு கரிசனம் இருப்பதால், இந்த ஆண்டு போகித் தீயை அவரிடமே ஒப்படைக்கலாம் என்று தேனாகப் பேசினார்.

அந்தப் போகித் தீயைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அரசனின் பாட்டனார் ஏற்படுத்திய வழக்கம் அது. போகியன்று கோட்டை வாசலில் தீ மூட்டுவார்கள். கிழிந்த துணியோடு வருபவரை ஓலைத்தட்டி மறைப்புக்குள் அழைத்துப்போய்ப் புது வேட்டி கொடுத்து, கழற்றிய கந்தையைத் தீயில் போட்டுவிடுவார்கள். இதற்கு அந்தக் கிழவர் வைத்த விதிகள் இரண்டு. வருபவனை யார் எவர் என்று கேட்கக் கூடாது, கேட்டால் அவன் கூசித் திரும்பிவிடுவான். வேண்டாம் என்று அவன் சொன்னாலும் விடக் கூடாது, ஏழை வெட்கத்தில் வேண்டாம் என்றுதான் சொல்வான். என்ன மனசு பாருங்கள்! அந்த மனிதருக்கு இப்படி ஒரு பேரன்.

அரசன் கட்டளையிட்டான்: "சாத்தா, போகியன்று பொழுது சாய்வதற்குள் இந்த நகரத்தில் ஒரு கிழிந்த உடைகூட என் கண்ணில் படக் கூடாது. பட்டால் இவனுக்குச் சவுக்கடி, உனக்கு நாடுகடத்தல்."

"உத்தரவு, அரசே. பாட்டனார் வைத்த விதிப்படியே செய்யலாம் அல்லவா?"

"எழுத்துப் பிசகாமல் செய்" என்றான் அரசன்.

சாத்தன் துணிக் கிடங்குக்குப் போய்க் கதவைத் திறந்தான். உள்ளே ஒரு பல்லிதான் இருந்தது. ஏழைகளுக்கு வேட்டி வாங்க ஒதுக்கிய பணமெல்லாம் சபையோரின் பட்டுக்கும், அதைக் கிழித்த கூலிக்கும் போயிருந்தது. ஆக, இது தெரிந்தேதான் சிங்காரநாதர் குழி வெட்டியிருக்கிறார். சாத்தன் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நாடுகடத்தினால் அவன் எங்கேயும் நாலு வார்த்தை பேசிப் பிழைத்துக்கொள்வான். சடையன் முதுகு என்ன செய்யும்? இருக்கிற அந்த ஒரு சட்டைக்கு அடியில் இருக்கிற ஒரே முதுகு அது.

எழுந்து நெசவாளர் தெருவுக்குப் போனான். அங்கே வீட்டுக்கு வீடு வேட்டிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. சபையையே பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கும் கிழியாத துணி என்றால் இளப்பமாகிவிட்டது. வாங்க நாதியில்லை. தறிக்காரி வெள்ளையம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். வேட்டிகளையெல்லாம் கொடு, விலைக்குப் போகித் தீயின் சாம்பலைத் தருகிறேன் என்றான் சாத்தன். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாம்பலை வச்சு நான் பாத்திரம் தேய்க்கவா?"

"இந்தத் தடவை தீயில் விழப்போவது என்ன துணி என்று யோசித்துப் பார் அம்மா" என்றான் சாத்தன்.

அவள் யோசித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தாள். பக்கத்து வீடுகளிலும் போய்ச் சொன்னாள். இருட்டுவதற்குள் வண்டி வண்டியாக வேட்டிகள் கோட்டைக்கு வந்து சேர்ந்தன.

போகியன்று காலையிலிருந்து ஊர் ஏழைகள் வந்துபோனார்கள். சடையன் முதல் ஆளாகப் புது வேட்டி கட்டிக்கொண்டு, சாயங்காலம் தன் தலையெழுத்து என்னவாகும் என்று தெரியாமல் தட்டிக்கு அந்தப் பக்கமே நின்றான். மாலையில் சபையோர் ஊர்வலம் வந்தது. திருநாள் அல்லவா, ஒவ்வொருவரும் உள்ளதிலேயே மோசமான கிழிசலை உடுத்தியிருந்தார்கள். வாசல் குறுகல் என்பதால் ஒவ்வொருவராகத்தான் நுழைய வேண்டும். முதலில் சிங்காரநாதர் நுழைந்தார்.

இரண்டு காவலர்கள் பணிவோடு அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"விடுங்களடா, நான் யார் தெரியுமா?"

"அதைக் கேட்கக் கூடாது என்று விதி, ஐயா" என்றான் ஒருவன்.

"எனக்கு வேட்டி வேண்டாம்!"

"கூச்சப்படாதீர்கள் ஐயா. எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்" என்றான் மற்றவன்.

தட்டிக்குள் கொஞ்சம் உருளும் சத்தம் கேட்டது. சிங்காரநாதர் நாலு முழ வேட்டியோடு அந்தப் பக்கம் வெளியே வந்தார். அவர் பட்டுச் சராய் தீயில் விழுந்து சுருண்டது. அடுத்து அமைச்சர், அடுத்து தளபதி. தளபதி வாளை உருவப் போனார். வாளை உருவினால் இறங்கிக்கொண்டிருந்த சராயை யார் பிடிப்பது என்று தோன்றவே, பேசாமல் உள்ளே போய்விட்டார். காவலர்கள் அன்றைக்குப் பார்த்த வேலையைப் போல அத்தனை சந்தோஷமாக வேறெந்த வேலையும் பார்த்ததில்லை.

வழக்கப்படி அரசன் கடைசியாக நடந்து வந்தான். முழங்காலிலும் தோளிலும் கிழிசல். காவலர்கள் பின்வாங்கினார்கள். சாத்தன் மட்டும் மடித்த வேட்டி ஒன்றை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வழியில் நின்றான்.

"சாத்தா, உன் தலை உன் கழுத்தில் இருப்பது பிடிக்கவில்லையா?"

"பிடித்திருக்கிறது, அரசே. அதனால்தான் தங்கள் கட்டளையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறேன். பொழுது சாயப் போகிறது. இந்த நகரத்தில் மிச்சமிருக்கும் ஒரே கிழிந்த உடை தங்கள் மேல் இருக்கிறது. அது இருந்தால் சடையனுக்குச் சவுக்கடி. தங்கள் உடைக்காக அவன் அடி வாங்க வேண்டுமா?"

"சடையன் எங்கே?" என்று அரசன் உறுமினான்.

"தாங்களே கண்டுபிடியுங்கள்" என்று சாத்தன் அந்தப் பக்கம் கையைக் காட்டினான். அங்கே வரிசையாக வேட்டி கட்டிய ஆட்கள் நின்றார்கள். அமைச்சர் எவர், சுமைகூலி எவர் என்று தெரியவில்லை. அவர்களில் நிமிர்ந்து நின்ற ஒருவனைத் தளபதி என்று நினைத்து அரசன் அழைத்தான். சடையன் வந்து கும்பிட்டான். மூட்டை சுமந்த உடம்பு, இத்தனை நாளும் அதற்கு ஒரு முழு வேட்டிதான் குறையாக இருந்தது.

அரசன் அவனையே பார்த்தான். மார்கழி வாடை அவன் முழங்கால் ஓட்டை வழியாக வீசிக்கொண்டிருந்தது. பிறகு சாத்தன் கையிலிருந்த வேட்டியை வாங்கிக்கொண்டு, யாரும் பிடிக்காமல் தானாகவே தட்டிக்குள் போனான். வெளியே வந்து தன் பட்டைத் தன் கையாலேயே தீயில் போட்டான்.

"சாத்தா, உண்மையைச் சொல்கிறேன். இந்த மாதம் முழுவதும் முழங்காலில் ஒரே குளிர். குளிருகிறது என்று அரசன் யாரிடம் சொல்வது?" என்றவன், சிங்காரநாதரை அருகில் அழைத்தான். "அந்த நாட்டில் பெரிய மனிதர்கள் உண்மையிலேயே இப்படித்தான் உடுத்துகிறார்களா?"

பட்டில் இருந்தவரை சிங்காரநாதருக்குப் பொய் வந்தது. நாலு முழ வேட்டியில் வரவில்லை.

"ஆணி, அரசே" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "கப்பல் ஏணியில் ஒரு ஆணி."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். ஓர் ஆணிக்கு இந்த நாடே அடிபணிந்து கிடந்திருக்கிறதே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சவுக்கடிச் சட்டத்தையும் தீயிலேயே போடச் சொன்னான். கிடங்கு காலியான கதையைச் சாத்தன் சொல்லக் கேட்டு, அந்தப் பணத்தைத் தின்றதற்குத் தண்டனையாக, ஊரில் யார் துணி கிழிந்தாலும் சிங்காரநாதரே ஊசி நூலோடு போய்த் தைத்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னான்.

மறுநாள் தீ ஆறியதும் வெள்ளையம்மாளும் மற்ற நெசவாளர்களும் சல்லடையோடு வந்து சாம்பலைச் சலித்தார்கள். பட்டு எரிந்தாலும் சரிகை எரியுமா? வெள்ளியும் பொன்னும் கட்டி கட்டியாகக் கிடைத்தன. வேட்டிகளுக்கு உரிய விலை போக, அடுத்த போகிக்கும் நூல் வாங்கினார்கள்.

அரசன் சாத்தனைச் சபைக்கு அழைத்து, புத்தம்புதிய பட்டாடை ஒன்றைப் பரிசாக நீட்டினான். சாத்தன் வணங்கி வாங்கினான். வாங்கியவன் உடனே உடுத்தவில்லை. வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை உற்றுப் பார்த்தான், திருப்பிப் போட்டும் பார்த்தான். ஓட்டை இல்லை என்று தெரிந்த பிறகுதான் தோளில் போட்டுக்கொண்டான். அரசன் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தான்.

அந்த நாட்டுக்கு வந்த பீடை அதோடு ஒழிந்தது. ஆனால் கப்பல் ஏணியிலிருந்து அந்த ஆணியைப் பிடுங்கும்படி ஒருவருக்கும் தோன்றவில்லை. அது இன்னும் துறை துறையாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறதாம். உங்கள் வீட்டுப் பிள்ளை நேற்றுக் காசு கொடுத்து வாங்கிவந்த காற்சட்டையின் முழங்காலைப் பார்த்தால், நம்மூர்ப் பக்கமும் வந்து போயிருக்கும் போலிருக்கிறது.