கம்பில் கோத்த செருப்புகள்

ஆலங்குளத்துக்கு மேற்கே பீடி சுற்றிப் பிழைக்கும் ஊர் ஒன்று. அந்த ஊர் வங்கிக் கிளையின் மேனேஜர் கோமதிநாயகம் ஐம்பத்திரண்டாவது வயதில் சிலம்பம் கற்கச் சேர்ந்தார். ஞானம் தேடியெல்லாம் இல்லை, தொப்பையைக் குறைக்கத்தான்.

அவருடைய ஆசான் இசக்கிக்கு முப்பது வயது. பகலில் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். விடிந்ததும் கம்பைக் கையில் எடுத்தால் ஆசான். களத்தில் வயதுக் கணக்கெல்லாம் செல்லாது என்பதால் மேனேஜரும் அவளை 'ஆசானே' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கையில் கம்பு சுற்றவே இல்லை. இரண்டு தடவை தன் முழங்காலிலேயே போட்டுக்கொண்டார்.

"மனசு எங்க இருக்கு சார்?"

"முப்பிடாதிகிட்ட இருக்கு ஆசானே."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று அவருக்கு உறைத்தது. அவசர அவசரமாக விளக்கினார். முப்பிடாதி பீடி சுற்றுகிறவள். பதினோரு வருஷமாக அவர் கிளையில் சேமிக்கிறாள். யாரோ ஒரு கம்பெனிக்காரன் வீடு தேடி வந்து, ஆறு மாசத்தில் பணம் இரட்டிப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வியாழக்கிழமை அவ்வளவையும் எடுத்து அவனிடம் கொடுக்கப்போகிறாள்.

"வேண்டாம்மா, விசாரிச்சுட்டுப் போடுன்னு சொன்னேன். 'சரிங்க சார்'னா. சொல்லிட்டு, பணம் எடுக்கிற ஃபாரம் ஒண்ணு குடுங்கன்னு கேட்டா."

"ம்."

"புதன்கிழமை தோறும் பொம்பளைங்களுக்கு வகுப்பு எடுக்கேன் ஆசானே. சேமிப்பு, வட்டி, ஏமாத்து வேலை, ஒண்ணு விடாம சொல்லுதேன். பதினோரு வகுப்பு ஆச்சு. ஒருத்தியாவது ஒரு கேள்வி கேக்கணுமே! அவங்களுக்குக் கேள்வி கேக்கவே தெரியாதா?"

ஆசான் கம்பைத் தரையில் ஊன்றினாள்.

"நாளைக்கு வகுப்பு எத்தனை மணிக்கு சார்?"

"மூணரைக்கு."

"வாரேன்."

மறுநாள் கம்போடுதான் வந்தாள். காவலாளி அவளை ஒரு மாதிரி பார்த்தார். வங்கி வாசலில் இருபத்திரண்டு ஜோடிச் செருப்பு வரிசையாகக் கிடந்தது. கழற்றச் சொல்லி போர்டு எதுவும் கிடையாது. அவர்களாகவே கழற்றுவதுதான். கோமதிநாயகத்துக்கு அதில் உள்ளூரப் பெருமையும் உண்டு.

பெண்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேனேஜர் பளபளக்கும் கறுப்பு ஷூவோடு முன்னால் நின்று நாற்பது நிமிஷம் பேசினார். நல்லாவே பேசினார். யார் கண்ணிலும் தூக்கம் இல்லை. எல்லாத் தலையும் ஆடியது, முப்பிடாதியின் தலை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே ஆடியது.

"சந்தேகம் இருந்தா தயங்காமக் கேளுங்கம்மா."

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

ஆசான் எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது கம்பு அவள் தோளில் இருந்தது. அந்த இருபத்திரண்டு ஜோடிச் செருப்பும் வாரோடு வாராகக் கோக்கப்பட்டுக் கம்பின் இரண்டு பக்கமும் தொங்கின.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இதை நான் கொண்டுபோறேன். ஆறு மாசம் கழிச்சு வாங்க. ஒரு ஜோடிக்கு ரெண்டு ஜோடியாத் தாரேன்."

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் வங்கியே கலகலத்தது.

"ஏ டீச்சர், உமக்கென்ன கிறுக்கா? ரெண்டு ஜோடிக்கு எங்க போவீய?"

"செருப்புக்கடையா வச்சிருக்கீய?"

"ஆறு மாசம் நாங்க வெறுங்காலோட அலையவா?"

"நீங்க மாத்தலாகிப் போயிட்டா நாங்க யாரைப் பிடிக்க?"

எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றவள் முப்பிடாதி. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள்.

"எழுதித் தருவீயளா? கையெழுத்து போடுவீயளா? உங்களுக்கு ஜாமீன் யாரு? இன்னைக்கு வாங்கினவ நாளைக்குத் தரமாட்டேன்னா நான் எங்க போய் நிக்க?"

கோமதிநாயகம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு வருகைப் பதிவுத் தாளைத் திருப்பிப் போட்டு, கேள்விகளை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

முப்பிடாதி எட்டித் தன் செருப்பைக் கம்பிலிருந்து உருவினாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். ஆசானைப் பார்த்தாள். ஆசான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பிடாதி மெதுவாக உட்கார்ந்தாள். இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்துக் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, நான் முப்பிடாதி பேசுதேன். உங்க ஆபீசு எந்தத் தெருவுல இருக்கு?... சரி, உங்களுக்கு ஜாமீன் யாரு?... எழுதிக் கையெழுத்து போட்டுத் தருவீயளா?"

மூன்றாவது கேள்வியோடு அவன் லைனைத் துண்டித்துவிட்டான். அவள் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. முந்தானையில் முடிந்துவைத்திருந்த ஃபாரத்தை அவிழ்த்து நாலாகக் கிழித்துப் போட்டாள்.

"படுபாவி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியுதா பாரு!" என்றாள். கூட்டமே சிரித்தது.

மறுநாள் விடிகாலை. கோமதிநாயகம் களத்துக்கு எல்லாருக்கும் முன்பே வந்துவிட்டார்.

"இத்தனை கேள்வியையும் எங்க வச்சிருந்தாங்க ஆசானே? பதினோரு வகுப்புல நான் என்ன தப்பு செஞ்சேன்?"

ஆசான் கம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"களத்துக்கு வந்ததும் நாம முதல்ல என்ன சார் செய்யுதோம்?"

"செருப்பைக் கழட்டிட்டு மண்ணைத் தொட்டுக் கும்பிடுதோம்."

"யாரு, நீங்க மட்டுமா?"

"ரெண்டு பேரும்தான். ஆசானும் சிஷ்யனும்."

"பேங்குல?"

கோமதிநாயகம் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார். அன்று கம்பு அவர் கையில் நன்றாகச் சுற்றியது.

அடுத்த புதன்கிழமை வங்கி வாசலில் செருப்பு வரிசையின் கடைசியில் ஒரு ஜோடிக் கறுப்பு ஷூவும் கிடந்தது. அவர் வெறுங்காலோடு ஜமுக்காளத்தின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, இன்னும் தொண்டையைக்கூடச் செருமவில்லை, அதற்குள் முப்பிடாதி கையைத் தூக்கினாள்.

"சார், அவ்வளவு நல்ல ஷூவை வெளிய விட்டுட்டு வந்திருக்கீயளே. காணாமப் போனா யாரு பொறுப்பு?"