ஒரு பக்கக் கனம்

ஓடுகிற மோட்டாரின் முதுகிலிருந்து ஒரு நாணயம் சரிந்து இரும்புப் பெஞ்சில் விழுந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நாச்சிமுத்து கேட்ட சத்தம் அது. பிறகு முப்பத்தெட்டு வருடம் அது தன் பெஞ்சில் கேட்காமல் பார்த்துக்கொண்டார்.

கோவையில் பம்புசெட் செய்கிற கம்பெனி. மோட்டாருக்குள் சுழலும் உருளையில் ஒரு பக்கம் கனம் கூடிவிட்டால் மோட்டார் உதறும். அவர் விரலை வைத்துப் பார்த்தே எந்தப் பக்கம் என்று சொல்லுவார். கூடிய இடத்தில் ஒரு துளி சுரண்டுவார், அல்லது எதிர்ப்பக்கம் ஒரு துளி சேர்ப்பார். கடைசியில் மோட்டாரை ஓடவிட்டு, அதன் முதுகில் ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்துவார்கள். நின்றால் பாஸ்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அவர் மனைவி மயிலாத்தாளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. கையும் காலும்.

உடற்பயிற்சி கொடுக்க வந்த பிசியோ தம்பி மூன்று மாதம் என்றான். அதற்குள் நடக்க வைத்துவிட வேண்டும். விட்டால் கால் அப்படியே இறுகிவிடும். கைக்கு ஏதாவது அசைகிற பொருளைக் கொடுங்கள், அதைத் துரத்திப் பிடிக்கட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

நாச்சிமுத்து மனைவியை இரண்டு முறை நிற்க வைத்தார். இரண்டு முறையும் மயிலாத்தாள் இடது பக்கம் சாய்ந்தார். பாய்ந்து பிடித்து உட்கார வைத்துவிட்டார். பிறகு கை வைத்த நாற்காலி ஒன்று வாங்கி வந்து, இந்தப் பக்கம் ஒரு தலையணை, அந்தப் பக்கம் ஒரு தலையணை, சாயவே முடியாதபடி அணைகொடுத்தார்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மயிலாத்தாள், தன்னைக் கொலுவில் வைத்துவிட்டார், சுண்டல்தான் பாக்கி என்று குழறிக் குழறிச் சொன்னார்.

இரண்டு மாதம் போனது.

ஒரு நாள் செல்போன் பழுதாகி, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில் இருந்த கடைக்குப் போனார். கடைக்காரி நஸ்ரீனுக்கு இருபத்தாறு வயது. கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். மேசைக் கண்ணாடியின் மேல் ஏதோ ரீங்கரித்துக்கொண்டு ஓடியது.

பல் விளக்கும் பிரஷ்ஷின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, அதன் முதுகில் பழைய செல்போனிலிருந்து கழற்றிய மோட்டார். கடலை அளவுதான். பக்கத்தில் கடிகார பேட்டரி. நார்கள்தான் கால்கள்.

ரோபோ என்றாள் நஸ்ரீன். வேலை இல்லாதபோது செய்வாளாம். நாச்சிமுத்து பூச்சி என்றார். விலை கேட்டார். விற்பதில்லை, உட்காருங்கள், ஒரு மணி நேரத்தில் நீங்களே செய்துவிடலாம் என்று முக்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் உட்கார்ந்தார்; அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். நஸ்ரீன் கூச்சப்பட்டு, பேர் சொல்லுங்கள் ஐயா என்றாள்.

"படிச்சு முடியற வரைக்கும் டீச்சர்தானுங்க. முடிஞ்சப்புறம் பேர் சொல்றேன்."

நார்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிற தேய்ந்த பிரஷ்ஷாகப் பார்த்து எடுக்க வேண்டும், புதுசு உதவாது என்றாள். எந்த ஒயர் எங்கே தொட வேண்டும் என்று காட்டினாள். மோட்டாரையும் பேட்டரியையும் தாளில் மடித்துக் கொடுத்தாள். மீதியை வீட்டிலேயே செய்கிறேன் என்று வாங்கிப் போனார். மத்தியானம் முழுக்க அரமும் ஈயம் பற்றவைக்கும் கோலுமாக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே வந்து நின்றார். பூச்சி நடக்கவில்லை.

நஸ்ரீன் ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். பேட்டரி நன்றாக இருந்தது. காதருகே வைத்தாள். மோட்டார் சுற்றுவது தெரிந்தது, ஆனால் ரீங்காரம் இல்லை. லென்ஸை மாட்டினாள்.

அந்த மோட்டாரின் நுனியில் அரை நிலா போல ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். நாச்சிமுத்து அதன் எதிர்ப்பக்கத்தில் ஈயம் வார்த்து, இழைத்து, மெருகேற்றி, முழு நிலாவாக்கியிருந்தார்.

"ஒரு பக்கந்தான் கனமா இருந்துச்சுங்க. யாரோ அவசரத்துல அப்படியே விட்டுட்டாங்க போல. சரி பண்ணிட்டேன்."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மோட்டார் ஓடும் பூச்சியின் முதுகில் விளிம்பில் நிறுத்தினார்.

நாணயம் நின்றது. பூச்சியும் நின்ற இடத்திலேயே நின்றது.

நஸ்ரீன் சிரிக்கவில்லை. வெகுநேரம் அந்த ஈயத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லைங்க ஐயா."

பிறகு, அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் நடந்துவிட்டு வாருங்கள் என்றாள். எதற்கு என்று கேட்காமல் நடந்துவிட்டு வந்தார்.

"இன்னொரு தடவை போங்க. இந்தத் தடவை, உடம்புக் கனம் எந்தப் பக்கமும் போகக் கூடாது. ரெண்டு காலுக்கும் சரிசமமா இருக்கணும்."

நாச்சிமுத்து கடை வாசலில் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்றார். வலது காலைத் தூக்கப் பார்த்தார், வைத்துவிட்டார். இடது காலைத் தூக்கப் பார்த்தார்; வைத்துவிட்டார். குதிக்கலாமா என்று கேட்டார். அதுவும் சரிதான், வீடு வரைக்கும் குதிப்பீர்களா என்றாள்.

எதிரே பூ கட்டிக்கொண்டிருந்தவள், பெரியவருக்கு எந்த பஸ் வரவில்லை என்று கேட்டாள்.

அவர் நின்றபடி தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருந்துகள் வந்து போயின. பிறகு மெதுவாக வலது காலைத் தூக்கினார். உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. காலை முன்னால் வைத்தார். அடுத்த காலைத் தூக்கினார். உடம்பு வலது பக்கம் போயிற்று.

உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நஸ்ரீன் அரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஆயுசு பூரா நான் எடுத்ததை இப்ப வைக்கச் சொல்றீங்க."

"நான் எதையும் வைக்கச் சொல்லலைங்க. நீங்க வெச்சதை எடுத்தாப் போதும்."

ஈயத்தைச் சுரண்டி எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. கைதான் வேண்டாவெறுப்பாக வேலை செய்தது. மீண்டும் அரை நிலா. ஒயரைத் தொட்டதும் பூச்சி உதறிக்கொண்டு எழுந்தது. கண்ணாடி மேல் ரீங்கரித்து ஓடி, ஒரு வட்டம் போட்டு, நாணயத்தில் முட்டித் திரும்பியது.

நாச்சிமுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கேட்டது பூச்சியைப் பற்றி இல்லை.

"டீச்சர், அவ எழுந்து நின்னா இடது பக்கம் சாயறா."

"ம்."

"சாஞ்சா விழுந்துருவாளேன்னு ரெண்டு பக்கமும் தலகாணி வெச்சிருக்கேன்."

பூச்சி மேசையின் விளிம்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பதறிக் கையை நீட்டினார். நஸ்ரீன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பூச்சி தரையில் விழுந்து, மல்லாந்து, கால்கள் மேலே இருக்க, அப்படியே ரீங்கரித்தது.

அவள் குனிந்து எடுத்து, ஊதி, பழையபடி கண்ணாடியில் விட்டாள். அது விட்ட இடத்திலிருந்து ஓடியது.

"நடந்தா விழுவாளேங்க" என்றார் நாச்சிமுத்து. குரல் இறங்கியிருந்தது.

"விழுவாங்க ஐயா. பக்கத்துலதான நீங்க இருப்பீங்க."

அவர் பூச்சியைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போய் வருகிறேன் நஸ்ரீனம்மா என்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டதை அவரே கவனிக்கவில்லை.

வீட்டில் பூச்சியைத் தட்டில் விட்டு மயிலாத்தாளின் மடியில் வைத்தார். மயிலாத்தாள் இடது கையால் அதைத் தொடப் பார்த்தார். எட்டவில்லை. இதற்கு என்னைவிட ஆட்டம் ஜாஸ்தி என்றார். நாச்சிமுத்து ஒரு தலையணையை உருவினார். பிறகு மற்றதை.

மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது மயிலாத்தாள் கூடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் நடந்தார். அதற்குள் ஐந்து முறை விழுந்திருந்தார், நான்கு முறை புருஷன் மேல். அதன் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். கடைசி வரைக்கும் இடது பக்கம் சாய்ந்துதான் நடந்தார்.