தவசிமணி போடாத கையெழுத்து

நாகர்கோவிலில் தாவரவியல் முதுகலை முடித்த கையோடு எஸ்தரும் இம்மானுவேலும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். இருவர் ஆராய்ச்சியும் முடிந்ததும் கல்யாணம். அதுவரை யாரும் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது.

எஸ்தருக்கு நெதர்லாந்தில் இடம் கிடைத்தது. அங்கே ஆராய்ச்சி மாணவி என்றால் சம்பளக்காரி. நியமன உத்தரவு, விடுப்பு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் உண்டு. ஒப்பந்தம் நான்கு ஆண்டு. நான்காம் ஆண்டில் டாக்டராகிவிட்டாள். அங்கேயே வேலை பார்த்தபடி அவனுக்காகக் காத்திருந்தாள்.

இம்மானுவேல் உள்ளூரில் பேராசிரியர் தவசிமணியிடம் சேர்ந்திருந்தான். உதவித்தொகை ஐந்தாம் ஆண்டோடு நின்றுபோனது. அதே ஆண்டு அவன் எழுதி முடித்த ஆய்வேடு, கையெழுத்துக்காகப் பேராசிரியரின் பீரோவில் கிடந்தது. அது அங்கே கிடக்கும்வரை அவருக்குக் காரோட்டவும் கரண்ட் பில் கட்டவும் சம்பளமில்லாத ஆள் ஒருவன் உண்டு. அதை எதற்கு அவர் வெளியே எடுக்கப் போகிறார்?

ஏழாம் ஆண்டு எஸ்தர் ஊருக்கு வந்தாள். நேராகத் தவசிமணியின் அறைக்குப் போனாள்.

“நாலு வருஷத்துல முடிக்கிறதெல்லாம் ஆராய்ச்சியாம்மா? அங்க காசக் கொடுத்துத் துரத்துவான். இங்க நாங்க பக்குவப்படுத்துறோம்,” என்றார் அவர்.

அப்போது இம்மானுவேல் உள்ளே வந்தான். கையில் பேராசிரியரின் தேய்த்த சட்டைகள்.

“பக்குவம் தெரியுது சார். மடிப்புக் கலையாம கொண்டுவந்திருக்காரே,” என்றாள் எஸ்தர்.

வெளியே வந்ததும் அவனிடம் சொன்னாள்: “உன் ஆராய்ச்சி முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. இந்த மாசமே கல்யாணத்த வச்சுக்குவோம். எங்க லேப்ல ஒரு இடம் இருக்கு. மொதல்லருந்து பண்ணணும். ஆனா சம்பளம் உண்டு, முடியிற தேதி உண்டு.”

“ஏழு வருஷத்த எப்படித் தூக்கிப் போடுறது? ஈஸ்டர் கழிச்சுக் கையெழுத்துப் போடுறேன்னு சொல்லியிருக்கார். அவசரப்படுத்த மாட்டேன்னு நீதான வாக்குக் கொடுத்த?”

“நீ ஆராய்ச்சிய முடிக்கிற வரைக்கும்தான் அந்த வாக்கு. அவர் வீட்டு வேலை முடியிற வரைக்கும் இல்ல.”

மறுவாரம், இனி அவனுக்காகக் காத்திருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு எஸ்தர் தனியாக விமானம் ஏறினாள். “வெளிநாட்டுச் சம்பளம் வந்ததும் கொடுத்த வாக்கு மறந்துபோச்சு,” என்று தவசிமணி துறை முழுக்கச் சொன்னார். அவர் காரைத் துடைத்துக்கொண்டே இம்மானுவேலும் ஆமோதித்தான்.

கதை இவ்வளவுதான். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்: இவர்களில் வாக்கை மீறியது யார்?

விடை: இம்மானுவேல். கல்யாணத்துக்கு அவர்கள் வைத்த கெடு ஆராய்ச்சி முடிவது. பட்டமும் அல்ல, கையெழுத்தும் அல்ல. அந்தக் கெடு கடந்த பிறகு கேட்டவளை அவசரக்காரி என்பது அபத்தம். அவள் கல்யாணத்துக்குத்தான் கூப்பிட்டாள், மறுத்தவன் அவன். தவசிமணியோ எந்த வாக்கையும் மீறவில்லை. ஈஸ்டர் கழித்து என்று அவர் சொன்னதை வாக்கு என்று எடுத்துக்கொண்டவன் உலகத்தில் ஒரே ஒருவன்தான்.