உயிலைச் சரிபார்த்த கதை

மட்டிக்குறிச்சி என்ற ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது. வரைபடம் போட வந்தவருக்கு ஊர்க்காரர்களே வழி சொன்னார்களாம், அதோடு சரி.

அந்த ஊரில் உச்சிமாகாளி என்று ஒரு பெரியவர். சொத்து மூன்று: வீடு, தென்னந்தோப்பு, மாவு மில். மகன்களும் மூன்று பேர்: சுடலைமுத்து, பேச்சிமுத்து, வேம்புராசு. இதில் குழம்ப ஒன்றுமில்லை. ஆனால் எதிர்வீட்டு அண்ணன் தம்பிகள், அப்பா போன மறுவாரமே ஒரு கிணற்றுக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்ததிலிருந்து பெரியவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் பிள்ளைகளும் இப்படி அடித்துக்கொள்வார்களோ என்று பயந்தே போனார். நால்வருமாக டவுன் வக்கீலைப் பார்க்கப் போனார்கள்.

"உயில் எழுதிடுங்க," என்றார் வக்கீல். "யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சியா ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். முக்கியமா, தப்பு இருந்தா உங்க காலத்துக்கு அப்புறம் திருத்த முடியாது. உயிரோட இருக்கும்போதே சரிபார்த்துக்குங்க."

வீட்டில் பெரியவர் எழுத உட்கார்ந்ததும் பேச்சிமுத்து பேனாவை நீட்டினான்.

"கையை மடக்குலே!" என்று சுடலைமுத்து பாய்ந்தான். "பேனா குடுத்தா கட்டாயப்படுத்துன மாதிரி ஆயிரும்."

பேனாவைப் பரணில் ஒளித்துவைத்தார்கள். பெரியவர் இரண்டு நாள் தேடித் தானே கண்டுபிடித்தார். துளியும் கட்டாயம் இல்லை என்று ஊரே ஒத்துக்கொண்டது.

மூத்தவனுக்கு வீடு, நடுவுள்ளவனுக்குத் தோப்பு, இளையவனுக்கு மில் என்று எழுதி, சாட்சிக் கையெழுத்தும் ஆயிற்று. இனி சரிபார்க்க வேண்டும்.

"படிச்சுப் பாத்தா போதாதா?" என்றான் வேம்புராசு.

"கூறுகெட்டவனே! அப்பா காலத்துக்கு அப்புறம்தான இது வேலை செய்யும்? அவுக செத்தாத்தான் தெரியும்," என்றான் சுடலைமுத்து.

"உயிரோட இருக்கும்போதே பாக்கணும்னுல்லா வக்கீல் சொன்னாவ?"

மூவரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் பெரியவரே வழி சொன்னார்: "ஒரு நாளைக்கு நான் செத்துப் பாக்கேன்டே."

மறுநாள் காலை வாசலில் பெஞ்சு போட்டு, மாலை சாத்திக் கிடத்தினார்கள். சங்கு ஊதினார்கள். ஊரார் வந்து அழுதார்கள். சிலர் நன்றாகவே அழுதார்கள்.

"தண்ணி," என்றார் பெரியவர்.

"எப்பா, செத்தவுக பேசப்படாது," என்று வேம்புராசு காதில் சொன்னான்.

உயிலை வாசித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். சண்டையே இல்லை. உயில் அருமையாக வேலை செய்தது.

மத்தியானம் பசி பொறுக்காமல் பெரியவர் எழுந்து வீட்டுக்குள் போனார்.

"இது என் வீடுல்லா எப்பா?" என்றான் மூத்தவன், பணிவாக.

தோப்புக்குப் போய் ஓர் இளநீர் கேட்டார். "உயில்ல உங்க பேரு இல்லியே," என்றான் நடுவுள்ளவன். மில்லில் நிழலுக்கு ஒதுங்கக்கூட இடம் கிடைக்கவில்லை. நடுத்தெருவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"மூணு பேருக்கும் எழுதிட்டு எனக்கு ஒரு பிடி மண்ணுகூட எழுதலியே! எந்தப் பாவிடே எழுதுனது?"

மகன்கள் உயிலின் அடியில் கையெழுத்தைப் பார்த்தார்கள். "நீங்கதாம்ப்பா."

"எதிரிகூட இப்படிச் செய்யமாட்டானே!" என்று இன்னும் ஓங்கி அழுதார்.

மகன்களுக்கு மனசு கேட்கவில்லை. அவரவர் பங்கைத் திருப்பிக் கொடுத்து, உயிலைக் கிழித்துப் போட்டார்கள். பெரியவர் புதிதாக எழுதினார்: என் காலத்துக்குப் பின் வீடு, தோப்பு, மில் மூன்றும் எனக்கே சேர வேண்டியது.

வக்கீல் அதை இரண்டு தடவை படித்தார். "செத்துப்போனவர் எப்படிங்க வந்து வாங்கிக்குவாரு?"

"அவசரமில்ல சார்," என்றான் சுடலைமுத்து. "சௌகரியப்பட்ட அன்னைக்கு வரட்டும். அதுவரைக்கும் நாங்க யாரும் தொடமாட்டோம். பிறகு எங்கன சண்டை வரும்?"

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்றால் இப்படிப் பிள்ளைகளைப் பெற வேண்டும். ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம் இருந்தது.

"நான் சொத்தை வாங்க வரும்போது ஆதார் கார்டு கொண்டு வரணுமா சார்?"