ஆடியில் போடாத கையெழுத்து

கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நிலக்கோட்டைப் பக்கம் தவமணி என்று ஒருத்தி. மூன்று ஏக்கர் நிலம் அவளுடையது. அதில் மல்லிகை வளர்த்த கை அவள் தோழி ரெஜினாவுடையது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு தை மாதம் இருவரும் சேர்ந்து கன்று நட்டார்கள். ஆளுக்குப் பாதி என்று வாய்ப்பேச்சு, அவ்வளவுதான்.

இந்த ஆனியில் ஒரு சென்ட் கம்பெனி பூ கேட்டு வந்தது. பண்ணைக்குப் பதிவுச் சான்றிதழ் வேண்டும் என்றது. அவசரத்துக்கு, நிலத்துக்காரி என்று தவமணி பேரில் மட்டும் பதிந்தார்கள். கூட்டாக மாற்றுவதற்கு ஆடிட்டர் பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதி முடித்தபோது ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில புதுசா எதையும் தொடங்கக் கூடாது. ஆவணி பொறக்கட்டும், போடுவோம்" என்றாள் தவமணி.

ரெஜினா வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். அவளுக்கு ஆடியும் ஒன்று, ஆவணியும் ஒன்று. ஆனாலும் தோழி மனம் கோணக் கூடாது என்று பத்திரத்தை வாங்கிப் பீரோவில் வைத்தாள்.

ஆடி இருபதாம் தேதி தவமணிக்கு நெஞ்சுவலி. மதுரை ஆஸ்பத்திரியில் மகன் தினகரன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றான். பார்க்க வந்த ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பத்திரத்தக் கொண்டா புள்ள, கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றாள் தவமணி.

ரெஜினா பதறிப்போனாள். பத்திரத்தை நீட்டினால், நீ பிழைக்க மாட்டாய் என்று வாய்விட்டுச் சொன்னது போல ஆகிவிடாதா?

"ஆடியில வேணாம்டி. ஆவணியில நீயே நடந்து வந்து போடு" என்றாள்.

இரண்டே நாளில் தவமணி போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் தினகரன் சான்றிதழை எடுத்துக் காட்டினான். "இதுல எங்கம்மா பேரு மட்டுந்தான் இருக்கு. உங்க பேரு எங்க சித்தி?"

ரெஜினா செடி வெட்டும் கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஆடி என்று தள்ளிப்போட்ட தவமணியா, கேட்டும் கொண்டுவராத ரெஜினாவா, சான்றிதழில் உள்ள பேரை மட்டும் பார்த்த தினகரனா? இதில் பிழை யாருடையது?

என் விடை இது. புதிதாகத் தொடங்கக் கூடாது என்பதுதானே வழக்கம்? பண்ணை தொடங்கியது தை மாதத்தில். ஏற்கெனவே இருந்த கூட்டை எழுதிவைக்க ஆடி என்ன செய்யும்! தவமணி அதில் தவறினாள், கட்டிலில் கிடந்தபடியே திருத்தவும் பார்த்தாள். ரெஜினா மறுத்தது பாசத்தால். எழுதாத கூட்டும் சட்டப்படி கூட்டுதான், நிரூபிக்கச் சாட்சி வேண்டும். ரெஜினாவைத் தவிர, அம்மா பத்திரம் கேட்டதைக் காதால் கேட்டவன் தினகரன் ஒருவன்தான். அதைச் சொல்ல வாய் திறக்காத அவன் மேல்தான் பிழை.

இதை ரெஜினாவிடமும் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"பிழை என்னோடதுங்க. பண்ணை போனாப் போகுது. அன்னைக்கே அந்தப் பத்திரத்தக் கொண்டுபோய்க் குடுத்திருந்தா, அவ நிம்மதியாக் கண்ண மூடியிருப்பா" என்றாள்.