வாரத்தில் இரண்டு செவ்வாய்

நண்பரே, உம்முடைய வேலையில் தவறு காணும் உரிமையை எவருக்கேனும் கொடுத்ததுண்டா? பேராசிரியர் பரஞ்சோதி கொடுத்ததில்லை.

அவருடைய கணிதப் பாடநூலில், எண்களைக் கட்டமாக அடுக்கிய ஓர் அணி இருந்தது. ஆறு நாள்களில் ஆறு ஊர்களுக்குப் பேருந்தில் சென்றவர்களின் கணக்கு. ஆக முப்பத்தாறு எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ‘திங்களன்று தென்காசிக்குச் சென்றவர்கள்’ என்பதுபோல ஒரு குறிப்பும் அம்புக்குறியும் இட்டிருந்தார்.

“அத்தனையும் ஒரே பக்கத்தில் வரவேண்டும். எழுத்து சிறுக்கக் கூடாது. ஒரு குறிப்பு குறைந்தாலும் மாறினாலும் இந்த அம்மாளுக்கு இங்கே வேலை கிடையாது!” என்று அச்சகத்தில், பக்கம் அமைக்கும் செங்கமலத்தைக் காட்டி முழங்கினார். முதலாளியும் தலையாட்டினார்.

செங்கமலம் அரைமணியில் அச்சுப்படியை நீட்டினாள். அணியின் இடப்புறம் நாள்கள், மேலே ஊர்கள், பன்னிரண்டே சொற்கள்.

“என் குறிப்புகளை எங்கேயம்மா விழுங்கினாய்?”

“எல்லாம் இருக்கின்றன, ஐயா. எந்த எண்ணிலும் விரல் வையுங்கள். இடப்பக்கம் நாள், மேலே ஊர்.”

விரல் வைத்தார், சரியாகவே இருந்தது. விடுவாரா? தவறு தேடி உரக்கப் படித்தார்: “திங்கள், செவ்வாய், புதன், செவ்வாய்…” விரல் இரண்டாவது செவ்வாயில் நின்றது.

“மாற்றக் கூடாது என்றீர்களே, ஐயா. உங்கள் ஊரில் வியாழன் வராது போலும் என்று, நீங்கள் எழுதியபடியே விட்டுவிட்டேன்.”

அச்சகமே குலுங்கியது. முதலாளி சிரிப்பை மறைக்க, மேசைக்கடியில் விழாத பேனாவைத் தேடினார். பேராசிரியர் தம் கையாலேயே வியாழனை எழுதி, “மற்ற பக்கங்களையும் இவரே பார்க்கட்டும்” என்றார்.

முப்பத்தாறு அம்புகளுக்குள் ஒளிந்திருந்த தவறு, பன்னிரண்டு சொற்களில் பல்லிளித்தது. அன்பரே, முடிந்ததென்று நீர் மூடிவைத்த தாளை இன்றே எடும். உமக்கு அஞ்சுகிற ஒருவரிடம் கொடுத்து, “தவறு காட்டுங்கள்” என்று கேளும். விட்டால், நாளை அந்தத் தவறு அச்சேறிவிடும்.